கோதாவரிக் கரையில் காத்திருந்த மன்னன்

பெரியவர்கள் உள்ள வீட்டில் காசி யாத்திரையைப் பற்றிய பேச்சு ஓயாமல் இருந்துகொண்டேயிருக்கும். பேரனுக்கு வேலை கிடைத்ததும் போகலாம், பேத்தியின் திருமணம் முடிந்ததும் போகலாம் என்று நாள் தள்ளிப்போகும். ஒருநாள் பிள்ளைகளே கேட்பார்கள்: "ரயில் எதற்கு? வண்டியிலேயே போய் வந்துவிடலாமே!" நான்குவழிச் சாலைகள் வந்தபின் இக்கேள்வி பல இல்லங்களில் எழுகின்றது. வரைபடத்தை விரித்து நாள்கணக்குப் போடுகிறார்கள். கணக்கு ஏறத்தாழ முடியும் வேளையில் அடுத்த கேள்வி மெல்ல எழும்: முழங்கால் வலியும் இரத்த அழுத்தமும் உள்ள தாத்தாவையும் பாட்டியையும் இரண்டாயிரம் கிலோமீட்டர் அழைத்துச் செல்ல இயலுமா? அழைத்துச் செல்லாவிட்டால், யாருக்காக இந்த யாத்திரை?

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் வாழும் அன்பர்களுக்கு இக்கேள்வி புதிதன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இம்மண்ணிலிருந்தே ஒரு பெரும்படை கங்கைக்குப் புறப்பட்டுத் திரும்பியது. அப்பயணத்தின் ஏற்பாட்டை அறிந்தால் இன்றைய வீட்டுக் கணக்கும் ஓரளவு தெளிவாகும்.

முதலில் வழி. சேதுவில் மணல் எடுத்து, பிரயாகைத் திரிவேணியில் அதைக் கரைத்து, கங்கை நீரை முகந்து வந்து இராமநாதருக்கு அபிஷேகம் செய்வதே முன்னோர் வகுத்த முறை. ஆகவே முறைப்படி செல்வோர் இராமேசுவரத்தில் தொடங்கித் திருச்சியில் காவிரியைக் கடந்து, பெரம்பலூருக்கு வந்து சேர்வர். அங்கிருந்து வேப்பந்தட்டை, ஆத்தூர் வழியாகச் சேலம் சென்றுவிட்டால் வடதிசைப் பெருஞ்சாலை கிடைத்துவிடும். கிருஷ்ணகிரி, பெங்களூரு, அனந்தப்பூர், கர்நூல், ஹைதராபாத், நாகபுரி, ஜபல்பூர், ரேவா எனச் செல்லும் இவ்வழியே வாரணாசியையும் கன்னியாகுமரியையும் இணைத்த பழைய 7ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. அதன் முழுநீளம் 2,369 கிலோமீட்டர். எண்கள் மாற்றியமைக்கப்பட்ட பின், இதன் பெரும்பகுதி 44ஆம் எண் சாலையில் சேர்ந்துவிட்டது. தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம் ஆகிய ஏழு மாநிலங்களை அது தொட்டுச் செல்கிறது.

நீராடும் வேளையில் நாம் நினைக்கும் புண்ணிய நதிகள் ஏழு. அவற்றுள் காவிரியைத் திருச்சியிலும், கோதாவரியை நிர்மல் நகருக்கு அருகிலுள்ள சோன் என்னும் ஊரிலும், நர்மதையை ஜபல்பூரிலும், கங்கையைக் காசியிலும் இந்த ஒரே வழியில் தரிசிக்கலாம். பிரயாகைக்கும் சென்றால் யமுனையும், கண்ணுக்குப் புலப்படாத சரஸ்வதியும் சேர்ந்து ஆறு ஆகிவிடும். எஞ்சுவது சிந்து ஒன்றே. விமானத்தில் இரண்டரை மணிநேரத்தில் காசியில் இறங்குவோர்க்கு இந்தப் பேறு வாய்ப்பதில்லை. வழியிலுள்ள தலங்களும் குறைந்தவை அல்ல. கர்நூலுக்கு அருகே துங்கபத்திரைக் கரையில் ஆலம்பூர் ஜோகுலாம்பா சந்நிதி இருக்கிறது. கோதாவரிக் கரையில் பாசர ஞான சரஸ்வதியும், நாகபுரிக்கு அருகே இராமபிரான் தங்கியதாகக் கூறப்படும் ராம்டேக் குன்றும், ரேவாவுக்கு முன்னர் மைஹர் சாரதா தேவியின் மலைக்கோயிலும் இருக்கின்றன. எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்னும் ஆசையே பயணத் திட்டத்தின் முதல் பகை. முதியோர் உடன்வரும் வண்டிக்கு நாளொன்றுக்கு 350 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். இரவு ஓட்டம் அறவே கூடாது. இரண்டு மணிக்கு ஒருமுறை இறங்கிச் சற்று நடக்காவிட்டால் மாலைக்குள் கால் வீங்கிவிடும். அன்றாட மாத்திரைகளை இரு பங்காகப் பிரித்து, ஒன்றைப் பெட்டியிலும் மற்றொன்றைக் கைப்பையிலும் வைத்துக்கொள்வது நலம். வாடகை வண்டி எனில் மஞ்சள் எண் பலகையும், பிற மாநிலங்களில் ஓடுவதற்கான அகில இந்தியச் சுற்றுலா அனுமதியும் உண்டா எனப் புறப்படும் முன்பே கேட்டறிய வேண்டும். தெரிந்தவர் வண்டி என்று வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு எடுத்துச் சென்றுவிட்டு, மாநில எல்லையில் வயதானவர்களோடு வெயிலில் நிற்பது வேண்டாத தொல்லை.

இவ்வளவையும் கடினம் என்று எண்ணுவோர் முன்னோர் சென்ற விதத்தை நினைத்துப் பார்க்கலாம். தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் 1820இல் காசிக்குப் புறப்பட்டபோது ஏறத்தாழ 3,000 பேர் உடன் சென்றனர். போய்த் திரும்ப இரண்டு ஆண்டுகள் ஆயின. அவரேனும் அரசர். சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றிய ஏனுகுல வீராசாமி என்பவர் 1830 மே மாதம் சென்னையிலிருந்து ஏறத்தாழ நூறு பேருடன் காசிக்குப் புறப்பட்டார். ஹைதராபாத், நாகபுரி, ஜபல்பூர் என்று ஏறக்குறைய இன்றைய பெருஞ்சாலை செல்லும் வழியிலேயே வடக்கே சென்றார். திரும்புகையில் வங்கத்தைத் தொட்டு, கீழைக் கடற்கரை வழியாக 1831 செப்டம்பரில் சென்னை வந்தடைந்தார். எந்த ஊரில் நல்ல தண்ணீர் கிடைக்கும், எங்கே தங்க இடமுண்டு, எந்த ஆற்றை எப்படிக் கடப்பது என்றெல்லாம் நாள்தோறும் தெலுங்கில் குறித்து வைத்தார். பின்வரும் யாத்திரிகர்களுக்குப் பயன்பட வேண்டும் என்பதே அவர் எண்ணம். அக்குறிப்பே ‘காசி யாத்திரா சரித்திர’ என்னும் நூலாயிற்று. போக ஒரு வழி, வர மற்றொரு வழி என அவர் அமைத்துக்கொண்ட முறை இன்றும் கைக்கொள்ளத் தக்கது. அதன் காரணம் சற்றுப் பின்னர் விளங்கும்.

அடுத்தது காலம். வைகாசியில் நாகபுரிப் பக்கம் வெயில் தாங்காது. ஆவணியில் கங்கை பெருகிக் காசியின் படித்துறைகள் நீரில் மூழ்கிவிடும். மார்கழி, தை மாதங்களில் வடக்கே மூடுபனி சாலையை மறைக்கும். எஞ்சுவன ஐப்பசி, கார்த்திகை மாதங்களும், பின்னர் மாசியும் ஆகும். இதில்தான் அரியலூர் மாவட்டத்தார்க்கு ஒரு தர்மசங்கடம் நேர்கிறது.

ஐப்பசிப் பௌர்ணமியன்று கங்கைகொண்டசோழபுரத்தில் அன்னாபிஷேகம் நடைபெறும். பதின்மூன்றடிக்கும் மேல் உயர்ந்து நிற்கும் அந்த மாபெரும் இலிங்கத் திருமேனி முழுவதையும் வெண்சோற்றால் மூடுவர். நூறு மூட்டை அரிசி என்று ஊரார் கணக்குச் சொல்வர். சுற்றுவட்டாரக் குடும்பங்களுக்கு அந்நாளில் வெளியூர்ப் பயணம் என்பதே கிடையாது. வடநாட்டார் கணக்கில் கார்த்திகைப் பௌர்ணமியன்று காசியில் தேவ தீபாவளி கொண்டாடப்படுகிறது. படித்துறை முழுவதும் அகல் விளக்குகள் வரிசையாக ஒளிரும் நாள் அது. வடவர் சந்திரமானத்தையும் நாம் சூரியமானத்தையும் பின்பற்றுவதால், அவர்களுடைய கார்த்திகைப் பௌர்ணமி பல ஆண்டுகளில் நமது ஐப்பசியிலேயே வந்துவிடுகிறது. 2024இலும் 2025இலும் இரண்டும் ஒரே நாளாகவே அமைந்தன. ஒரே நிலவின்கீழ் அங்கே தீபம், இங்கே அன்னம். இரண்டிலும் ஒருவர் இருக்க இயலாது. அன்னாபிஷேகத்தைத் தரிசித்து, சோற்றுப் பிரசாதம் பெற்று, மறுவாரம் புறப்படுவதே உசிதம் என்பது அனுபவசாலிகளின் கருத்து. விழாக் கூட்டம் கலைந்தபின் காசியில் தங்க இடமும் எளிதில் கிடைக்கும், படகும் கிடைக்கும். காசியில் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் இருக்கின்றது. கேதார கட்டத்தருகே குமரகுருபர சுவாமிகள் நிறுவிய மடம் இருக்கின்றது. கங்கைக் கரையிலிருந்து விசுவநாதர் சந்நிதிக்கு நேரே செல்லும் அகன்ற நடைவழி 2021 டிசம்பரில் திறக்கப்பட்டபின், குறுகிய சந்துகளில் முதியோர் இடிபடும் துன்பமும் குறைந்துள்ளது.

புறப்படும் நாளிலும் ஒரு குறிப்பு உண்டு. பெரம்பலூருக்குத் தெற்கே திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள சிறுவாச்சூர் மதுரகாளியம்மனுக்குக் குலதெய்வக் குடும்பங்கள் ஏராளம். குலதெய்வத்தை வணங்காமல் காசிக்குப் புறப்படுவது வழக்கமில்லை. ஆனால் அன்னையின் சந்நிதி, சிறப்பு நாட்கள் நீங்கலாக, திங்கட்கிழமையும் வெள்ளிக்கிழமையும் மட்டுமே திறந்திருக்கும். ஏனைய நாட்களில் அம்பிகை பெரியசாமி மலையில் உறைவதாக ஐதீகம். தேதியை முதலில் குறித்துவிட்டுப் பிறகு கோயிலுக்குச் சென்று, அடைத்த கதவைப் பார்த்துத் திரும்பிய வெளியூர்க் குடும்பங்கள் பல. திங்கள் அல்லது வெள்ளியை முதலில் குறித்துக்கொண்டு, மற்ற நாட்களை அதன்பின் அடுக்க வேண்டும்.

இனி, தாத்தாவும் பாட்டியும் வருவதா, வேண்டாமா என்னும் கேள்வி. இதற்கு விடை திருவாலங்காட்டுச் செப்பேட்டில் இருக்கின்றது.

முதலாம் இராஜேந்திர சோழன் 1014 முதல் 1044 வரை ஆண்ட பேரரசன். தன் நாட்டைக் கங்கை நீரால் தூய்மை செய்ய விரும்பி, 1023ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் வடக்கே படையை அனுப்பினான். ஒட்ட நாடு, கோசல நாடு, தண்டபுத்தி, தக்கணலாடம், வங்காள தேசம், உத்தரலாடம் எனப் படை சென்ற வழியை அவன் மெய்க்கீர்த்தி வரிசையாகக் கூறுகிறது. இன்றைய ஒடிசா, சத்தீஸ்கர், மேற்கு வங்கப் பகுதிகள் அவை. 31 ஏடுகள் கொண்ட திருவாலங்காட்டுச் செப்பேடு மேலும் விவரம் தருகிறது. ஆறுகளைக் கடக்க யானைகளையே பாலம்போல் நிறுத்தினார்களாம். தோற்ற அரசர்கள் கங்கை நீரைச் சுமந்து வந்தார்களாம். இவையெல்லாம் பலர் கேட்டறிந்தவை. அச்செப்பேட்டில் பலரும் கவனியாமல் கடந்துவிடும் செய்தி வேறொன்று. கங்கை வரை படையை நடத்திச் சென்றவன் மன்னனுடைய தண்டநாயகன். கங்கை நீருடன் திரும்பிய அவனை இராஜேந்திரன் எதிர்கொண்டு சந்தித்த இடம் கோதாவரிக் கரை.

செப்பேட்டின்படி, ‘கங்கைகொண்ட சோழன்’ என்று உலகமே போற்றும் மன்னன் அந்தப் பயணத்தில் கோதாவரியோடு நின்றான். அங்கே காத்திருந்து, வந்த நீரைப் பெற்றுக்கொண்டு தன் தலைநகருக்குத் திரும்பினான். அதனால் அவன் பெயருக்கு எவரும் குறை சொல்லவில்லை. தலைநகருக்கும் கோயிலுக்கும் அப்பெயரே நின்றது. அவன் கோதாவரியைத் தேர்ந்ததற்குக் காரணமும் எளிதில் புரிவதே. கோதாவரி பாயும் வேங்கி நாடு அவனுக்கு அந்நிய நிலமன்று. அவனுடைய தங்கை குந்தவையை வேங்கி அரசன் விமலாதித்தன் மணந்திருந்தான். அவர்களுடைய மகன் இராஜராஜ நரேந்திரன் 1022இல் வேங்கியில் முடிசூடினான். இராஜேந்திரன் தன் மகள் அம்மங்கதேவியை அவனுக்கே மணமுடித்தான். பாதி வழியில் உறவினர் ஊரில் தங்கி, மேலே செல்பவர்களை அனுப்பிவைத்து, திரும்பி வருவோரை எதிர்கொள்வது நம் குடும்பங்களுக்கும் பழகிய முறைதானே! அந்த நரேந்திரனுக்கும் அம்மங்கதேவிக்கும் பிறந்த மகனே பின்னாளில் முதலாம் குலோத்துங்கனாகக் கங்கைகொண்டசோழபுரத்து அரியணையில் அமர்ந்தான்.

இதையே இன்றைய குடும்பம் தன் திட்டமாகக் கொள்ளலாம். உடல்வலிமை உள்ள பிள்ளைகள் வண்டியில் மேற்கு வழியாகக் காசி செல்லட்டும். பிரயாகையில் மணல் கரைத்து, கயையில் பித்ருக் கடன் முடித்து, கங்கை நீருடன் ஒடிசா வழியாகக் கீழைக் கடற்கரைச் சாலையில் திரும்பட்டும். பழைய நாளில் செம்புச் சொம்பில் நீர் முகந்து, வாயை ஈயத்தால் பற்றவைத்து அடைத்துக் கொண்டுவருவர். இன்றும் காசிக் கடைகளில் அவ்விதச் சொம்புகள் கிடைக்கும். நீண்ட பயணம் தாங்காத பெரியவர்கள் சென்னையிலிருந்து ஓரிரவு ரயிலில் ராஜமகேந்திரவரம் சென்று சேரட்டும். ராஜமுந்திரி என்று நாம் அழைக்கும் அந்நகரத்தின் பெயரே மேற்சொன்ன இராஜராஜ நரேந்திரனோடு தொடர்புடையதாகக் கூறப்படுகிறது. அங்கே அகண்ட கோதாவரி கடல்போல் விரிந்து கிடக்கும். கோடிலிங்கத் துறையில் நீராடி, அருகிலுள்ள திராட்சாராமத்தில் பீமேசுவரரைத் தரிசித்து, இரண்டொரு நாள் தங்கியிருந்தால் வடக்கிலிருந்து வண்டி வந்துவிடும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் கோதாவரி புஷ்கரம் 2027இல் வருகின்றது. அந்நாட்களின் நெரிசலை மட்டும் முதியோர் தவிர்ப்பது நல்லது.

காசிக்குச் செல்லாமல் கோதாவரியில் நின்றால் யாத்திரை பூர்த்தியாகுமா எனச் சிலர் தயங்குவர். காசியைக் கண்ணால் காணும் பேறு தனிதான். அதை மறுப்பதற்கில்லை. இயன்றவர்கள் சென்றே தீர வேண்டும். ஆனால் இயலாத உடம்பை வருத்தி, வழியில் மருத்துவமனையில் சேர்த்து, பிள்ளைகளின் யாத்திரையும் பாதியில் முறியும் நிலை வரக்கூடாது. அதற்காக வீட்டில் தனியே விட்டுச் செல்லவும் மனம் வராது. இவ்விரண்டுக்கும் நடுவே கோதாவரி ஓடுகிறது.

திரும்பும் வழி சென்னை, விக்கிரவாண்டி, பண்ருட்டி, மீன்சுருட்டி என வந்தால் கங்கைகொண்டசோழபுரத்தின் விமானம் தொலைவிலேயே தென்படும். தஞ்சைப் பெரிய கோயிலைவிடச் சற்றே உயரம் குறைந்து, நெளிந்து வளைந்து மேலெழும் அதன் வடிவை நேரில் காணவேண்டும். 2004இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக இது சேர்க்கப்பட்டது. கோயிலைச் சுற்றியிருந்த பெருமதில் இன்று பெரும்பாலும் இல்லை. 1836இல் அணைக்கரையில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது அக்கற்கள் பெயர்த்தெடுத்துச் செல்லப்பட்டன. வயலுக்கு நீர் தந்த அணைதான் என்றாலும் நெஞ்சு உறுத்தத்தான் செய்கிறது. வடபுற வாயிலருகே சண்டேசருக்கு ஈசன் கொன்றை மாலை சூட்டும் சிற்பத்தின் முன் சற்று அமரலாம். அடியவரின் தலை தாழ்ந்திருக்கும் பாங்கும், மாலையைச் சுற்றும் பெருமானின் கைகளும் நெடுவழி வந்த களைப்பை மறக்கச் செய்யும். எதிர்ப்புறத்தில் ஞான சரஸ்வதி அமர்ந்திருக்கின்றாள். போகும் வழியில் பாசரத்தில் அதே திருநாமத்தோடு தரிசித்தவர்களுக்கு இச்சந்நிதி இன்னும் நெருக்கமாகத் தோன்றும்.

2025 ஜூலை 27 அன்று, இராஜேந்திரன் பிறந்த ஆடித் திருவாதிரை விழாவின்போது, பாரதப் பிரதமர் காசியிலிருந்து கங்கை நீர்க் கலசத்துடன் வந்து இங்கே வழிபட்டார். வீட்டிலிருந்து கொண்டுவரும் சிறு செம்புக்கும் இதே சந்நிதிதான். குருக்களிடம் முன்பே சொல்லி வைத்தால் அபிஷேக வேளையில் நீரைச் சேர்ப்பார். ஆளுயரத்தைப் போல் இருமடங்குள்ள அத்திருமேனியில் ஒரு செம்பு நீர் எங்கே நனைத்தது என்று கண்டறிய முடியாது. இராமநாதருக்கென்று ஒரு செம்பை அடைத்தபடியே எடுத்து வைத்துக்கொள்ள மறக்கக்கூடாது.

இங்கிருந்து பெரம்பலூருக்கு ஜெயங்கொண்டம், உடையார்பாளையம், அரியலூர் வழியாக ஏறத்தாழ இரண்டு மணிநேரம். உடையார்பாளையத்தில் பயறணீசுவரர் எழுந்தருளியுள்ளார். மிளகு மூட்டைகளுடன் வந்த வணிகர் ஒருவர், சுங்கத்துக்குப் பயந்து அவற்றைப் பயறு என்று பொய் சொல்ல, மூட்டையெல்லாம் பயறாகவே மாறிவிட்டனவாம். பிழை உணர்ந்து வணங்கியபின் மீண்டும் மிளகாயினவாம். ஏழு மாநிலச் சுங்கச்சாவடிகளைக் கடந்து வந்தவர்கள் இக்கதையைக் கேட்டுப் புன்னகைக்காமல் இருக்க மாட்டார்கள். ஒருநாள் கூடுதலாகக் கிடைத்தால் அரியலூரிலிருந்து தெற்கே திருமழபாடிக்குச் செல்லலாம். காசியில் கங்கை வடக்கு நோக்கி ஓடுவதுபோல, இங்கே கொள்ளிடம் வடக்கு நோக்கித் திரும்பி ஓடுகின்றது. அருகில் வந்தும் தம்மைத் தரிசிக்காமல் இருந்த சுந்தரரின் கனவில் தோன்றி, மழபாடிக்கு வர மறந்தாயோ என்று பெருமான் கேட்ட தலம் இதுவே. திட்டத்தில் விடுபட்ட ஊரை இறைவனே நினைவூட்டியதாகக் கொள்ளலாம்.

கங்கைகொண்டசோழபுரத்தை விட்டுப் புறப்படும் முன் பார்க்கவேண்டியது இன்னும் ஒன்று உண்டு. சுமந்து வந்த கங்கை நீரை இராஜேந்திரன் தான் வெட்டிய பேரேரியில் சேர்த்தான். அதற்குச் சோழகங்கம் என்று பெயரிட்டான். நீரால் அமைந்த வெற்றித்தூண் என்று செப்பேடு அதைச் சிறப்பிக்கின்றது. பொன்னேரி என்று ஊரார் வழங்கும் அவ்வேரிக்கு 16 மைல் நீளக் கரை இருந்ததாக 19ஆம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்று கூறும். தெற்கே கொள்ளிடத்திலிருந்தும் வடக்கே வெள்ளாற்றிலிருந்தும் கால்வாய்கள் வந்து நிரப்பிய ஏரி. பின்னர் மண் தூர்ந்து, பரப்புச் சுருங்கி, ஒரு பகுதி நீரும் ஒரு பகுதி முட்செடியுமாக நெடுங்காலம் கிடந்தது. மழைக்காலத்தில் இன்றும் தண்ணீர் நிற்கிறது, மதகு வழியே வயலுக்கும் பாய்கிறது. வீட்டில் கங்கா சமாராதனைக்கு எடுத்துவைத்தது போக, செம்பின் அடியில் தங்கிய சில துளிகளை இந்தக் கரையில் இறங்கி ஏரியில் விடலாம். கரைச்சரிவு சற்றுச் செங்குத்தானது. பெரியவர்கள் மேலேயே நிற்க, பேரப்பிள்ளை ஒருவன் இறங்கினால் போதும்.